படியெடுப்போரின் ஜெபம்

கம்ப்யூட்டர் என்னும் சொல்லின் வேர், கணக்கிடுதலைக் குறிக்கும் 'கம்ப்யூத்தாரே' என்ற இலத்தீன் வினை. அதே வேரில் பிறந்த 'கம்ப்யூத்துஸ்' என்னும் பெயர் இடைக்கால ஐரோப்பாவில் சிறப்பாக ஒரு கணக்கையே குறித்தது: ஈஸ்டர் எந்த ஞாயிற்றுக்கிழமை வரும் என்பது. வசந்த காலச் சமநாளுக்குரிய மார்ச் 21, அதையொட்டி வரும் முழுநிலவு, அதன்பின் வரும் ஞாயிறு ஆகிய மூன்றையும் பொருத்த வேண்டும். சந்திரனின் மாதமும் சூரியனின் ஆண்டும் ஒன்றுக்கொன்று இசையாதவை என்பதால் அது எளிய கணக்கன்று. இடைக்கால ஐரோப்பாவில் எண்கணிதத்தின் முதன்மையான பயன்பாடே இக்கணக்குதான் எனக் கருத இடமுண்டு என்று டொனால்ட் குனூத் தமது கணிநிரல் நூல்வரிசையின் முதல் தொகுதியில் சுட்டுகிறார். இன்றும் பல லினக்ஸ், பி.எஸ்.டி. கணினிகளில் 'என்கால்' என்னும் நாட்காட்டிக் கட்டளை, உரிய குறியைச் சேர்த்துக் கேட்டால், மேலைத் திருச்சபையின் ஈஸ்டரையும் கீழைத் திருச்சபையின் ஈஸ்டரையும் தனித்தனியே சொல்லும்.

சொற்களின் வழியே பார்த்தால் இவ்வுறவு வேடிக்கையான திருப்பங்களையும் கொண்டது. யாரும் பார்க்காதபோது பின்னணியில் ஓயாமல் இயங்கும் நிரலுக்கு யூனிக்ஸ் உலகில் 'டீமன்' என்று பெயர். 1963 வாக்கில் எம்.ஐ.டி.யின் மேக் திட்டத்தில் பணியாற்றியோர் இயற்பியலில் வரும் மாக்ஸ்வெல்லின் பூதத்தை நினைத்து இச்சொல்லை எடுத்துக்கொண்டனர். கிரேக்கத்தில் 'டைமோன்' என்பது தெய்வத்துக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட ஆற்றல்; நல்லது கெட்டது என்னும் தீர்ப்பு அச்சொல்லில் இல்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அது தீய ஆவியைக் குறிக்கிறது. தமிழ் விவிலியத்தில் பிசாசாயிற்று. ஆக, நாள்தோறும் நற்செய்தியை வாசிக்கும் ஒரு கணினிப் பராமரிப்பாளர் நாள்தோறும் பேய்களை எழுப்பிவிட்டும் உறங்க வைத்தும் சம்பளம் வாங்குகிறார். குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்யும் 'கிரான்' என்னும் நிரலின் பெயரோ காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இடம்பெற்றுவிட்டது.

எனினும் உண்மையான உறவு சொற்களில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் (தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஆசீர்வாதப்பர்) எழுதிய துறவற விதிநூல் 73 அதிகாரங்களைக் கொண்டது. அதைச் சர்வர் பராமரிப்போர் வாசித்தால், தங்கள் தொழிலைப் பற்றி எவரோ முன்கூட்டி எழுதிவைத்திருப்பதாகவே நினைப்பர். மடத்தின் பொருள்களைக் காப்பவர் எல்லாக் கலங்களையும் பலிபீடத்தின் திருக்கலங்களாகக் கருத வேண்டும் என்கிறது 31-ஆம் அதிகாரம். எந்தக் கருவி யார் கையில் உள்ளது என்னும் பட்டியல் மடத்தலைவரிடம் இருக்க வேண்டும் என்பது 32-ஆம் அதிகாரம். சமையற்கட்டில் ஒரு வாரம் பணிபுரிந்தவர் சனிக்கிழமை பாத்திரங்களைத் துலக்கி, துணிகளைத் துவைத்து, எண்ணிக்கை குறையாமல் ஒப்படைத்த பின்னரே அடுத்தவர் அவற்றை ஏற்க வேண்டும் என்பது 35-ஆம் அதிகாரம். ஜெபவேளையை இரவும் பகலும் அறிவிப்பது தலைவரின் கடமை. தாமே செய்யாவிடில் கவனமுள்ள ஒரு சகோதரரிடம் அதை ஒப்படைக்க வேண்டும் என்பது 47. வாயிலில் நிற்பவர் விவேகமுள்ள முதியவராக, கதவு தட்டப்பட்டவுடன் மறுமொழி தருபவராக இருக்க வேண்டும் என்பது 66. பொருட்பதிவேடு, பணிமாற்றம், கண்காணிப்பு, உதவி மேசை ஆகிய அனைத்தும் இதில் அடங்கிவிட்டன.

இவ்விதிநூலின் மெல்லிய பதிப்பொன்றை மேசை இழுப்பறையில் வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. கிழக்கிந்தியாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் முப்பதாண்டுகளுக்கு அண்மையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கோட்டயம் பக்கத்துச் சிரியன் ஆர்த்தடாக்ஸ் குடும்பம். மாணவர்களுக்கு அவர் பெயர் தேவைப்பட்டதில்லை. மலையாள மாணவர் யாரோ தொடங்கிவைத்தபடி வங்காளியும் ஒடியரும் பீகாரியும் அவரை 'அச்சாயன்' என்றே அழைத்தனர். விதிநூல் அவர் கைக்கு வந்தது வாகமண் மலையிலுள்ள குரிசுமலை ஆசிரமத்தில். 1958-இல் பிரான்சிஸ் மாகியூ, பீட் கிரிஃபித்ஸ் ஆகியோர் தொடங்கிய அவ்வாசிரமம் பெனடிக்டின் விதியையும் சிரியாக் வழிபாட்டையும் ஒருங்கே கைக்கொள்வது. இளமையில் ஒருமுறை அங்கே தங்கப்போன அச்சாயன், சிரியாக் ஜெபங்கள் வீட்டிலேயே கிடைத்ததால், வீட்டில் இல்லாத அந்தப் புத்தகத்தை மட்டும் வாங்கி வந்தார்.

சிரியாக் மரபில் ஒரு நாளுக்கு ஏழு ஜெபவேளைகள் உண்டு. மாலைக்குரிய ராம்ஷோ, உறங்குமுன் சூத்தாரோ, நள்ளிரவின் லில்யோ, விடியலின் சப்ரோ, பின்னர் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி. நம் கடிகாரப்படி இறுதி மூன்றும் காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3. இவை அடங்கிய நூலின் பெயர் 'ஷீமோ'; எளியது, சாதாரணமானது என்று பொருள். பெருநாள்களுக்கன்றி வாரநாள்களுக்கு உரிய ஜெபம் என்பதால் அப்பெயர். கேரளத்தில் இவ்வேளைகளைக் குறிக்க 'யாமம்' என்னும் சொல்லும் வழங்குகிறது. ஊர்க்காவலர் யாமத்துக்கு யாமம் குரல் கொடுத்த வழக்கத்தை அறிந்த தமிழருக்கு, ஜெபமும் காவலும் ஒரே சொல்லில் இணைவதில் வியப்பு இராது.

இந்த ஏழு வேளைகளின் நாள் விடியலில் தொடங்குவதில்லை, நள்ளிரவிலும் தொடங்குவதில்லை, மாலையில் தொடங்குகிறது. சனிக்கிழமை அந்தி சாய்ந்ததும் ஞாயிறு பிறந்துவிடும். சர்வருக்கும் இத்தகைய ஒரு தனிநாள் உண்டு. உலகப் பொதுநேரமாகிய யூ.டி.சி.யில் பதிவேடு எழுதும் இயந்திரத்துக்கு, இந்தியக் கடிகாரத்தில் காலை 5:30 ஆகும்போதுதான் தேதி மாறும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2 மணிக்கு எடுத்த காப்புப்படியின் மேல் சனிக்கிழமையின் தேதி இருக்கும். இதை அறியாத புதிய பணியாளர்கள் 'நேற்றைய படி' என நினைத்து வேறொன்றை அழித்ததுண்டு. அச்சாயன் அவர்களிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: "யாருடைய நாள்?" கடிகாரத்தின் நாளா, சர்வரின் நாளா, திருச்சபையின் நாளா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு பின்னர் கோப்பைத் தொடச் சொல்வார். பதிவேடுகள் யாவும் யூ.டி.சி.யிலேயே இருக்கட்டும், மனிதர் வாசிக்கும் அறிக்கையில் மட்டும் இந்திய நேரத்தையும் சேர்த்தெழுதுங்கள் என்பது அவர் விதித்த வழக்கம்.

கிரானில் நள்ளிரவு 12 மணியை எவரும் எழுதக்கூடாது என்பதும் அவர் விதியே. எல்லோரும் அதே நேரத்தையே எழுதுவதால் எல்லா வேலைகளும் ஒரே கணத்தில் எழுந்து ஒன்றையொன்று நெரிக்கும். 2:17, 3:41 என ஒழுங்கற்ற நிமிடங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. மடிக்கணினிக்குக் கிரான் போதாது என்பதையும் அவர் வலியுறுத்துவார். குறித்த நேரத்தில் இயந்திரம் உறங்கிக்கொண்டிருந்தால் அவ்வேலை ஓசையின்றி விடுபட்டுப்போகும். அதற்கு 'அனக்ரான்' உண்டு. விழித்தெழுந்ததும் விடுபட்டதைத் தேடிச் செய்யும். கேரளத் தேவாலயங்களில் ஏழு வேளைகளையும் தனித்தனியே கடைப்பிடிக்க இயலாதோர் ஒன்பதாம் மணியையும் மாலையையும் சூத்தாரோவையும் அந்தியில் சேர்த்தும், மற்ற நான்கையும் காலையில் சேர்த்தும் ஜெபிப்பது வழக்கம். அனக்ரானை விளக்க அச்சாயனுக்கு வேறு உவமை தேவைப்படவில்லை.

அவர் சர்வர்களுக்காக ஜெபித்ததாக எவரும் கண்டதில்லை. செப்டம்பரில் விசுவகர்மா பூஜை வரும்போது மையத்தின் ஊழியர்கள் இயந்திரங்களுக்குக் குங்குமமிட்டு மாலை சூட்டுவர். அச்சாயன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார், பிரசாத லட்டை வாங்கிக்கொள்வார். எல்லோரும் சென்ற பின்னர், காற்றோட்டத் துளைகளில் உதிர்ந்த குங்குமத்தை மெல்லிய தூரிகையால் துடைப்பார். கருவியைத் திருக்கலமாக மதிக்கச் சொன்னது அவருடைய விதிநூல். கருவியை வணங்கச் சொன்னது அவர்களுடைய மரபு. இரண்டும் ஒன்றென அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் கருவியை வெறும் பொருளாக நினைப்பவரைவிட மாலை சூட்டுபவரோடு சேர்ந்து பணியாற்றுவது எளிது என்பார்.

அந்த மையத்தில் ஒரு மழைக்காலத்தில் நேர்ந்த இழப்பே இவ்வளவையும் எழுதத் தூண்டியது.

மொழியியல் துறையின் ஆய்வு மாணவி ஒருவர் ஒடிசாவின் மலைப்பகுதியில் பேசப்படும் ஒரு முண்டா மொழியைப் பதிவு செய்துவந்தார். மூன்று பயணங்கள், 42 மணிநேர ஒலிப்பதிவு. பெரும்பகுதி ஒரே மூதாட்டியின் குரல்: பாடல்கள், வினைச்சொற்களின் வடிவங்கள், விடியும்வரை நீண்ட கதைகள். பதிவுக் கருவியின் அட்டையை அடுத்த பயணத்துக்காக அழிக்க வேண்டியிருந்தது, மடிக்கணினியில் இடமில்லை. எனவே யாவும் துறையின் சர்வருக்குச் சென்றன. சர்வரிலிருந்து ஒவ்வோர் இரவும் வெளிப்புறத் தட்டொன்றுக்குப் படியெடுக்கப்பட்டது. காலையில் அறிக்கை வரும். அதில் 'வெற்றி' என்றிருக்கும்.

ஜூன் மாத இடிமழையில் மின்சாரம் போய் வந்தபோது அந்த வெளிப்புறத் தட்டு சர்வரிலிருந்து பிரிந்துவிட்டது. கம்பி செருகியபடியே இருந்தது, விளக்கும் எரிந்தது; இயங்குதளத்தைப் பொறுத்தவரை மட்டும் அது அங்கே இல்லை. அது பொருந்தியிருக்க வேண்டிய கோப்புறை வெற்றுக் கோப்புறையாகச் சர்வரின் சொந்த வட்டிலேயே நின்றது. படியெடுக்கும் நிரல் அவ்வேறுபாட்டை அறியாது. சொன்ன பாதையில் ஒரு கோப்புறை இருக்கிறது, எழுத முடிகிறது, எழுதி முடித்தாயிற்று: வெற்றி. 11 வாரங்கள் சர்வர் தன்னைத் தன்மீதே படியெடுத்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் அந்த வட்டு பழுதானபோது மூலமும் படியும் ஒன்றாகப் போயின. அதற்கு முன்பிருந்த பழைய படியில் முதற்பயணத்தின் சில சோதனைப் பதிவுகள் மட்டுமே இருந்தன. மூதாட்டி ஆகஸ்டிலேயே இறந்திருந்தார்.

சடங்கு வழுவாமல் நடந்தது. அதனுள் எதுவும் இல்லை. உதடுகள் ஜெபிக்க உள்ளம் எங்கோ இருக்கும் நிலையைப் பக்தி மரபுகள் யாவும் எச்சரித்தே வந்துள்ளன. அந்த எச்சரிக்கை இயந்திரத்துக்கும் பொருந்தும் என்பதை அச்சாயன் ஓய்வுபெற மூன்றாண்டுகள் இருந்தபோது கற்றார்.

பெனடிக்டின் 46-ஆம் அதிகாரம் உடைத்தவர், தொலைத்தவர் பற்றியது. அவர் தாமாகவே உடனடியாக எல்லோர் முன்னும் வந்து சொல்லிவிட வேண்டும். பிறர் வாயிலாகத் தெரியவந்தால் தண்டனை கூடும். அச்சாயன் மறுநாள் துறைக் கூட்டத்துக்கு அழைப்பின்றியே சென்றார். மின்வெட்டையோ பழைய வட்டையோ நிதியின்மையையோ முன்னிறுத்தவில்லை. அறிக்கையை மட்டும் நம்பித் தட்டைத் திறந்து பார்க்காமல் 11 வாரங்கள் இருந்ததாகச் சொன்னார். அந்நிகழ்வின் நாள், காரணம், இழப்பு, இனிச் செய்யவேண்டியது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி மாணவியிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தரவு இழப்பை விளக்க அந்தப் பக்கமே பின்னர் உதவியது. மாணவி அன்று அதை வாங்கிக்கொண்டாரேயன்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நெடுநாள் கணினி மையத்தின் பக்கம் வரவுமில்லை.

மீண்டது எதிர்பாராத இடத்திலிருந்து. இரண்டாம் பயணத்தின் முடிவில் ஊரார் தங்கள் பாட்டியின் பாடல்களைக் கேட்டிருந்தனர். மாணவி அவற்றைப் பென் டிரைவ் ஒன்றில் இட்டு ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துவந்தார். ஆய்வு அறநெறிப்படி சமூகத்துக்குத் திருப்பித் தரவேண்டியது அது. காப்புப்படி என்னும் எண்ணமே அப்போது இல்லை. அதில் 17 மணிநேரம் இருந்தது. ஊரார் பாடல்களைக் கேட்டதால் பாடல்கள் பிழைத்தன. கதைகளை யாரும் கேட்கவில்லை. வினைவடிவங்களை வேறு பேச்சாளர்களிடம் மீண்டும் திரட்டலாம், திரட்டவும் செய்தார். கதைகளில் குறிப்பேட்டில் எழுதியவை போக எஞ்சியவை இன்று எங்கும் இல்லை.

கொடுத்தது பிழைக்கும் என்பதற்கு இந்திய அச்சு வரலாறே சான்று. 1812 மார்ச் 11 அன்று வங்காளத்தின் செராம்பூர் மிஷன் அச்சகம் தீக்கிரையானது. வில்லியம் கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். கீழைமொழிகள் பலவற்றின் எழுத்துருக்களும், பெருமளவு காகிதமும், இலக்கணக் கைப்படிகளும், சமஸ்கிருதத்தையும் அதனோடு தொடர்புடைய மொழிகளையும் இணைத்து அவர் பல்லாண்டுகளாகத் தொகுத்த பன்மொழி அகராதியும் எரிந்தன. அச்சுப்பொறிகள் பிழைத்தன. சாம்பலைக் கிளறியபோது எழுத்து வார்ப்பதற்குரிய எஃகு முத்திரைகள் சேதமின்றிக் கிடைத்தன. பஞ்சானன் கர்மகாரின் கைவழி வந்த வார்ப்புத் தொழில்நுட்பமும் அவர் மருமகன் மனோகர் போன்றோரிடம் உயிரோடிருந்தது. உருகிக் கட்டியான ஈயத்தையே மீண்டும் வார்த்துச் சில மாதங்களில் அச்சகம் எழுந்தது. ஆனால் ஒற்றைப் பிரதியாக இருந்த பன்மொழி அகராதி எழவே இல்லை. மீண்டும் உண்டாக்கக்கூடியது எது, உண்டாக்கவே முடியாதது எது என்னும் வேறுபாட்டை இத்தீ போல் வேறெதுவும் கற்பிப்பதில்லை. காப்புக்கான இடமும் பணமும் குறைவாயிருக்கையில் முதலில் காக்கவேண்டியது இரண்டாம் வகையையே.

அச்சாயனின் முன்னோருக்கும் இவ்வகை நினைவுண்டு. 1599-இல் உதயம்பேரூரில் போர்த்துக்கீசியப் பேராயர் கூட்டிய சங்கம் சிரியாக் நூல்களைத் திருத்தவோ எரிக்கவோ ஆணையிட்டது. அதற்குத் தப்பியவற்றில் சில, முன்பே தொலைதூரம் சென்றிருந்த படிகள். தமிழுக்கும் இக்கதை அந்நியமன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான அன்றிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' இந்திய மொழி எழுத்துருவில் இந்திய மண்ணிலேயே அச்சேறிய தொடக்க கால நூல். நாமறிந்த படி இன்றிருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டில். அச்சிட்ட மண்ணில் மட்டும் இருந்திருந்தால் அந்த ஜெபங்களின் எழுத்துருவை நாம் கண்டிருக்கவே மாட்டோம்.

அந்த இழப்புக்குப் பின் அச்சாயன் ஒரு புதிய வேளையைக் கைக்கொண்டார். வெள்ளிதோறும் பிற்பகல் 3 மணிக்கு, காப்புப்படியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை வேறொரு கணினியில் மீட்டெடுப்பார். எந்தக் கோப்பு என்பதை நிரல் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும். ஆவணமானால் திறந்து ஒரு பக்கம் வாசிப்பார். ஒலியானால் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்பார். மொழியியல் துறையின் கோப்புகளாதலால் பெரும்பாலும் அவருக்குப் புரியாத மொழிகள். கேட்டு முடித்ததும் கையால் எழுதும் பதிவேட்டில் தேதி, கோப்பின் பெயர், 'கேட்டேன்' என்னும் சொல், கையொப்பம். ஒன்பதாம் மணி கிறிஸ்து உயிர்நீத்த வேளை என்பது மரபு. அந்த வேளையை இதற்கென ஏன் தேர்ந்தார் என்று அவர் விளக்கியதில்லை, எவரும் கேட்டதுமில்லை. ஓராண்டு கழித்துப் புதிய பதிவுகளோடு மையத்துக்கு மீண்டும் வந்த அந்த மாணவி, பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் வட்டை மேசைமேல் வைத்தார்.

அவர் ஓய்வுபெறும்போது அடுத்து வருபவருக்கென எழுதிவைத்தவற்றுள் ஆய்வு மாணவர்களுக்கு உதவக்கூடியவற்றைக் கீழே தொகுக்கலாம்.

1. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு ஊரில். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய இந்த 3-2-1 விதி முனைவர் பட்ட ஆய்வுக்கும் போதுமானது.

2. படியெடுக்குமுன் இலக்குத் தட்டு உண்மையில் பொருந்தியிருக்கிறதா என்பதை நிரலே சோதிக்கட்டும். லினக்ஸில் 'மவுண்ட்பாயிண்ட்' என்னும் கட்டளை இதற்கென்றே உண்டு. இல்லையெனில் வேலை நின்று கூச்சலிட வேண்டும், அமைதியாக முடியக்கூடாது.

3. ரெய்டு காப்புப்படி ஆகாது. ஒரு வட்டு பழுதானால் அது காக்கும். நீங்கள் தவறாக அழித்தால் இரண்டு வட்டிலும் ஒருங்கே அழிக்கும். 'ஆர்சிங்க்' கட்டளையோடு அழித்தல் குறியைச் சேர்ப்போருக்கும் இதே எச்சரிக்கை. கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவும் அழிப்பை ஒத்திசைக்கும். பழைய வடிவங்களைத் தனியே வையுங்கள். ஒரு படியேனும் எந்தக் கணினியோடும் இணையாமல் அலமாரியில் இருக்கட்டும்.

4. ஒவ்வொரு பதிவுக்கும் எஸ்.எச்.ஏ-256 செக்சம் எடுத்து ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். எபிரேய விவிலியத்தைப் படியெடுத்த மசோரெத்தியர் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணிவைத்தது எதற்கோ, இதுவும் அதற்கே.

5. ஒவ்வொரு கோப்புறையிலும் யார், எங்கே, எப்போது, எக்கருவியால், யார் இசைவோடு பதிவு செய்தார் என ஓர் எளிய உரைக்கோப்பு வேண்டும். பழைய எழுத்தர்கள் ஏட்டின் இறுதியில் பெயரும் ஆண்டும் எழுதி, பிழை பொறுக்குமாறும் தமக்காக ஜெபிக்குமாறும் வாசகரை வேண்டினர். பின்னாளில் உங்கள் கோப்பைத் திறப்பவருக்கும் அவ்வளவு தேவைப்படும்.

6. பதிவு அட்டையை, இரண்டு இடங்களில் கோப்பைத் திறந்து கேட்டுப் பார்க்கும் வரை அழிக்காதீர்கள்.

7. பேசியவர்களுக்கு ஒரு படி கொடுங்கள். அவர்கள் கேட்டதை மட்டுமன்றி, அவர்கள் இசைந்தால், முழுவதையும்.

8. வாரத்தில் ஒரு வேளையைக் குறித்துக்கொண்டு ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். அறிக்கையை வாசிப்பதோடு நிற்க வேண்டாம். கோப்பைத் திறந்து வாசியுங்கள், கேளுங்கள்.

கடைசிக் குறிப்பை வாசிக்கும் ஆய்வு மாணவர்கள் இவ்வாரத்துக்குள் ஒரே ஒரு கோப்பையாவது அவ்வாறு மீட்டுப் பார்க்கலாம். வரவில்லையெனில் மூலம் இன்னும் கையிலிருக்கும்போதே அது தெரிந்ததாகும்.